அக்கா, அறுபது மணி நேரத்துக்கு எங்க போறது?

போன மாசம் பேஸ்மென்ட்ல ஊறுற தண்ணி பத்தி பதில் எழுதுறப்ப நடுவுல ஒரு வரி போட்டிருந்தேன், ஜூன் 30 வந்துட்டே இருக்கு, பி.எங்., பி.ஜியோ. (எஞ்சினியர், ஜியோசயின்டிஸ்ட் லைசன்ஸ்) வச்சிருக்கறவங்க இந்த வருஷத்து கன்டினியூயிங் எஜுகேஷன், அதாவது தொடர் கல்வி, கணக்கை ஏத்தியாச்சான்னு. அந்த ஒரு வரிக்குதான் இத்தனை கடிதம். வான்கூவர் பக்கத்துல இருந்து வரும்னு நெனச்சேன், ஆனா பிராம்ப்டன், ஸ்காபரோ, சேலம்னு எங்கெங்க இருந்தோ வந்திருக்கு. நானும் பர்னபில இருபது வருஷத்துக்கு கிட்ட ஜியோடெக்னிக்கல் (மண்ணு, அஸ்திவாரம்) வேலை பாக்குறவ, இது என் மனசுக்கு ரொம்ப நெருக்கமான விஷயம். அதனால இந்த மாசம் முழுக்க இதேதான். பேஸ்மென்ட், கூரை கேள்விங்க அடுத்த இதழுக்கு.

கேள்வி: அக்கா, நான் முனிசிபல் ரோடும் டிரெய்னேஜும் டிசைன் பண்றேன். ரெண்டு சின்ன பசங்க, வீட்டம்மாவுக்கு ஹாஸ்பிடல்ல நைட் ஷிஃப்ட். மூணு வருஷத்துல 60 மணி நேரம் படிக்கணும்ங்கறாங்க, எங்க போறது? மதியம் சாப்பிடறப்ப ஃப்ரீ வெபினாரை ஓட விட்டா கணக்கு வந்துரும்னு ஃப்ரெண்ட் சொல்றான். சரியா? (சர்ரே வாசகர்)

தம்பி, முதல்ல பயத்தை விடுங்க. 60ங்கறது பெருசா தெரியுது, ஆனா வருஷத்துக்கு 20தான், வாரத்துக்கு பிரிச்சா அரை மணி நேரம் கூட வராது. பிசியில (பிரிட்டிஷ் கொலம்பியா) இது 2021 ஜூலை 1லேருந்து கட்டாயம், வருஷம்னா ஜூலைலேருந்து ஜூன் வரைக்கும். ஒவ்வொரு வருஷ முடிவுலயும் பின்னாடி மூணு வருஷத்தை சேத்து பாப்பாங்க, அதனால ஒரு வருஷம் குழந்தை பொறந்துச்சு, உடம்பு சரியில்லன்னு குறைஞ்சாலும் அடுத்த வருஷம் ஈடு கட்டிக்கலாம். ஆனா எத்திக்ஸ்ல ஒரு மணி நேரமும், சட்டம் விதிமுறை பத்தின ஒரு மணி நேரமும் வருஷா வருஷம் முடிச்சே ஆகணும், அதை தள்ளிப் போட முடியாது.

வெபினார் ஓட விடுற விஷயத்துக்கு வர்றேன். ஓட விட்டா கணக்கு வரும், ஆமா. ஆனா எல்லாரும் அவசரத்துல தாண்டிப் போற ஒண்ணு இருக்கு, வருஷ ஆரம்பத்துல, என்ன படிக்கப் போறோம்னு எழுதச் சொல்ற ப்ளான். ஃபார்ம்னு நெனச்சு ரெண்டு வரி அடிச்சுட்டு போயிடறோம். நான் என்ன பண்றேன்னா, ஜூலை மாசம் ஒரு நாள் சாயங்காலம் உக்காந்து, போன வருஷம் நான் சீல் போட்டு கையெழுத்து போட்ட ரிப்போர்ட் எல்லாத்தையும் எடுத்து வச்சு, ஒவ்வொண்ணுலயும் எந்த இடத்துல எனக்கு உள்ளுக்குள்ள லேசா உறுத்துச்சோ அதை மட்டும் எழுதுவேன். இந்த நம்பரை எங்கேருந்து எடுத்தேன், யாராவது கேட்டா வெளக்க முடியுமா, பழைய ஸ்ப்ரெட்ஷீட்ல இருந்துச்சுன்னு அப்படியே போட்டேனா. அந்த உறுத்தல் லிஸ்ட்தான் என் ப்ளான்.

உங்களுக்கு அது எதுவா இருக்கும்னு நானே சொல்லவா? மழை. 2021 நவம்பர்ல அந்த மழை வந்தப்ப கோக்விஹல்லா ஹைவே எத்தனை இடத்துல அறுத்துக்கிட்டு போச்சு, ஒரு காலத்துல ஏரி இருந்த சூமஸ் சமவெளி முழுக்க திரும்ப ஏரி மாதிரியே ஆயிடுச்சு, நீங்களும் பாத்திருப்பீங்க. உங்க கல்வெர்ட் (ரோட்டுக்கு அடியில தண்ணி போற குழாய்) சைஸ் எந்த வருஷத்து மழை டேட்டாவை வச்சு போட்டது? பருவநிலை மாற்றத்துக்கு எவ்வளவு கூட்டியிருக்கீங்க, ஏன் அவ்வளவு? இதுக்கு பதில் தேடுனாலே அஞ்சாறு மணி நேரம் தானா ஓடிரும். நமக்கு லைசன்ஸ் கொடுக்கற சங்கமே வெள்ள ஆய்வுக்கு வழிகாட்டி போட்டிருக்கு, காசு கிடையாது, பஸ்லயோ ஸ்கைட்ரெயின்லயோ போறப்ப படிக்கலாம். படிச்சதை தேதி போட்டு, என்ன கத்துக்கிட்டோம்னு ரெண்டு வரி எழுதி வைங்க. சாப்பாட்டு நேரத்துல சாப்பிடுங்க தம்பி, நிம்மதியா.

கேள்வி: மேடம், 22 வருஷம் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரா இருக்கேன், இங்கயும் அங்கயும் சேத்து. ஒரு பில்டிங் கூட விழல. இப்ப வந்து வருஷா வருஷம் கேள்வித்தாள் நிரப்பு, மாட்யூல் பாருங்கறாங்க. அனுபவத்துக்கு மரியாதையே இல்லையா? (பிராம்ப்டன் வாசகர்)

ஐயா, உங்க கோவம் நியாயமான இடத்துலேருந்துதான் வருது, அதனால இந்த பதில் கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

உங்க ஒன்டாரியோல பீக்ங்கற அந்த தொடர் கல்வித் திட்டம் 2017லேருந்து விருப்பப்பட்டவங்களுக்குன்னு இருந்து, 2023 ஜனவரி 1லேருந்துதான் கட்டாயம் ஆச்சு. அதுக்கு பின்னாடி ரெண்டு பெண்களோட உயிர் இருக்கு. 2012 ஜூன் 23, எலியட் லேக்ல ஆல்கோ சென்டர் மால். கூரை மேலயே கார் பார்க்கிங். கட்டுனதுலேருந்தே அந்தக் கூரை ஒழுகுச்சு, முப்பது வருஷத்துக்கு மேல. குளிர்காலத்துல கார் டயர்ல ஒட்டிக்கிட்டு வர்ற ரோட்டு உப்பு, தண்ணியோட சேந்து உள்ள இறங்கி, ஒரு பீமுக்கும் தூணுக்கும் நடுவுல இருந்த வெல்டை கொஞ்சம் கொஞ்சமா தின்னுட்டே இருந்துச்சு. அன்னைக்கு அந்த வெல்டு விட்டுச்சு, கூரை இடிஞ்சு உள்ள விழுந்துச்சு. இதுல என்னை தூங்க விடாதது எதுன்னா, அதுக்கு சில வாரம் முன்னாடிதான் ஒரு எஞ்சினியர் பாத்துட்டு கட்டடம் ஸ்ட்ரக்சரலா நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்திருந்தார். அனுபவம் இருந்தவர்தான். 2014 அக்டோபர்ல வந்த விசாரணை கமிஷன் அறிக்கை, எஞ்சினியர்களுக்கு தொடர் கல்வியை கட்டாயமாக்குங்கன்னு சொன்னது. சொன்னதுக்கும் நடந்ததுக்கும் நடுவுல எட்டு வருஷம் போச்சு.

அதே 2014ல எங்க பக்கம் ஒண்ணு நடந்துச்சு, மவுன்ட் பாலி. நான் மண்ணு படிச்சவ, அதனால இதை கொஞ்சம் விவரமா சொல்றேன். ஆகஸ்ட் 4, நடுராத்திரி தாண்டி கொஞ்ச நேரத்துல, அந்த செம்பு, தங்கச் சுரங்கத்தோட கழிவு அணை ஒரு பக்கம் ஒடைஞ்சுது. ரெண்டரை கோடி கன மீட்டர் மாதிரி தண்ணியும் கழிவுச் சேறும் ஹேசல்டைன் ஓடையை வழிச்சுக்கிட்டு க்வெஸ்னல் ஏரிக்குள்ள போய் விழுந்துச்சு. ஆள் சேதம் இல்ல, ஆனா அந்த ஏரி சால்மன் வர்ற ஏரி, அந்த தண்ணியை நம்பி தலைமுறை தலைமுறையா இருக்கற பூர்வகுடி மக்கள் இருக்காங்க.

நிபுணர் குழு 2015 ஜனவரில அறிக்கை கொடுத்துச்சு. அணைக்கு அடியில ஒரு களிமண் அடுக்கு, பனிப்பாறைக் காலத்து ஏரியில படிஞ்சது. அணையை வருஷா வருஷம் உயர்த்திக்கிட்டே போனாங்க. சின்ன அணையா இருந்தப்ப அந்த களிமண் நல்ல இறுக்கமா, பலமாதான் நடந்துக்கிச்சு. பாரம் கூடக் கூட ஒரு எல்லையைத் தாண்டுனதும் அதோட குணமே மாறிடுச்சு, அமுக்குற வேகத்துக்கு உள்ள இருக்கற தண்ணி வெளியேற வழி இல்லாம, அந்த தண்ணியே பாரத்தை வாங்கி, மண்ணு வழுக்கிட்டு போயிடுச்சு. அந்த அடுக்கு அப்படி மாறும்ங்கறதை முன்னாடி செஞ்ச ஆய்வும் டிசைனும் கணக்குல எடுக்கல. மேல அணையோட வெளிச்சரிவும் ரொம்ப செங்குத்து, படுக்கையா 1.3க்கு உயரம் 1. அனுபவம் இல்லாதவங்க கட்டுன அணைன்னு யாராலயும் சொல்ல முடியாது. நேத்து வரைக்கும் நின்னுச்சு, அதனால நாளைக்கும் நிக்கும்ங்கற அந்த நம்பிக்கை இருக்கு பாருங்க, அதுக்குதான் ஐயா நான் பயப்படறேன்.

என் கதையையும் சொல்லிடறேன், அப்பதான் நான் உபதேசம் பண்ணலன்னு தெரியும். வேலைக்கு சேந்த புதுசுல ஒரு ரோட்டு மேட்டுக்காக போர், அதாவது துளை, போட்டு மண்ணு சாம்பிள் எடுத்தோம். நான் குழாயிலேருந்து தள்ளி, கத்தியால வெட்டி பாத்தேன், சீரா சாம்பல் கலர், கட்டை விரலால அமுக்குனா கஷ்டப்பட்டுதான் உள்ள போச்சு. கெட்டிக் களிமண்னு எழுதி மூடிட்டேன். ஆறேழு மாசம் கழிச்சு ஒரு ஒரு நாள் கோர்ஸ், பனிப்பாறை மண்ணை எப்படி அடையாளம் பாக்கறதுன்னு. சொல்லிக் கொடுத்தவர் அதே மாதிரி சாம்பல் துண்டு ஒண்ணை காலையில வெட்டி ஜன்னல் ஓரம் வச்சுட்டார். மதியம் சாப்பிட்டு வந்து பாக்கறோம், கோடு கோடா இருக்கு. நடுவுல இருக்கற வண்டல் பட்டை சீக்கிரம் காஞ்சு வெளுத்துருச்சு, களிமண் பட்டை ஈரத்தோட கருப்பா நிக்குது, ஒவ்வொரு பட்டையும் சில மில்லிமீட்டர்தான், புத்தகப் பக்கம் மாதிரி. ஈரமா இருந்தப்ப ஒண்ணுமே தெரியல. எனக்கு அங்கயே வயித்த கலக்கிடுச்சு, பட்டை பட்டையா இருக்கற மண்ணு அந்த பட்டை வழியாவே வழுக்கலாம். அடுத்த நாள் ஆபீஸ் போய் என் பழைய சாம்பிளை தேடி எடுத்து வெட்டி வச்சேன், சாயங்காலத்துக்குள்ள கோடு வந்துருச்சு. மேனேஜர்கிட்ட போய் நான் தப்பா எழுதிட்டேன்னு சொன்னேன், குரல் நடுங்குச்சு. அவர் கோவப்படல, திரும்ப ரெண்டு போர் போட்டோம், மேட்டோட சரிவை படுக்க வச்சோம், அடிவாரத்துல பாரம் சேத்தோம். அந்த கோர்ஸுக்கு எனக்கு கிடைச்ச கணக்கு வெறும் ஏழு மணி நேரம். அந்த ரோட்டுல இன்னைக்கும் ஸ்கூல் பஸ் போகுது.

அதனால ஐயா, உங்க 22 வருஷத்தை யாரும் அவமானப்படுத்தல. அந்த கேள்வித்தாள் உங்க வேலையில ரிஸ்க் எவ்வளவுன்னு கேட்டு, அதுக்கு ஏத்த மாதிரிதான் மணி நேரம் சொல்லுது, அதிகபட்சம் வருஷத்துக்கு 30. நீங்க இன்னொண்ணும் செய்யலாம், உங்க ஆபீஸ்ல இருக்கற சின்னப் பசங்களுக்கு உங்க பழைய ப்ராஜெக்ட் ஒண்ணை எடுத்து, இன்னைக்கு பண்ணா எதை மாத்துவேன்னு ஒரு மணி நேரம் பேசுங்க. அதுக்கு தயார் பண்றப்ப நீங்க எவ்வளவு படிப்பீங்கன்னு பாருங்க.

கேள்வி: அக்கா, திருச்சில எம்.எஸ்சி. ஜியாலஜி முடிச்சேன். வீட்டுக்காரருக்கு இங்க வேலை, கூட வந்துட்டேன். இப்ப கனிமம் தேடுற ஒரு எக்ஸ்ப்ளோரேஷன் கம்பெனில கோர் லாக்கிங், துளை போட்டு எடுக்கற கல் தண்டைப் பாத்து பதிவு பண்றது. கூட இருக்கறவங்க பி.ஜியோ. எடு, கோர்ஸ் பண்ணுங்கறாங்க. கல்லை பாத்து எழுதுற வேலைக்கு லைசன்ஸ் எதுக்கு? அது எஞ்சினியர்களுக்குதானே? (நார்த் வான்கூவர் வாசகி)

இல்லம்மா, பிசியில ரெண்டு பேருக்கும் ஒரே சங்கம்தான், பேர்லயே ஜியோசயின்டிஸ்ட் இருக்கு. ஒன்டாரியோல தனித்தனி. நீ இருக்கற நார்த் வான்கூவர்லயே 2005 ஜனவரில பெர்க்லி பக்கம் ராத்திரி சரிவு சரிஞ்சு ஒருத்தர் இறந்துட்டாங்க, அந்த மாதிரி சரிவை முன்கூட்டி பாத்து சொல்ற வேலை ஜியாலஜி படிச்சவங்க வேலையும்தான்.

உன் வேலைக்கு நேரா சம்பந்தப்பட்ட கதை ப்ரீ-எக்ஸ். கேள்விப்பட்டிருப்ப. இந்தோனேசியா போர்னியோல புசாங்ங்கற இடம், உலகத்துலயே பெரிய தங்கச் சுரங்கம்னு கனடா கம்பெனி சொன்னது, 1997ல பாத்தா தங்கமே இல்ல. சாம்பிள்ல வெளியேருந்து தங்கத்தை கலந்திருக்காங்க. நீ தினமும் என்ன பண்ற, கோரை நெடுக்க ரம்பத்துல ரெண்டா அறுத்து, ஒரு பாதியை லேபுக்கு அனுப்பிட்டு, இன்னொரு பாதியை பெட்டியில திரும்ப வைக்கிற இல்ல? அங்க அந்த பாதியை வைக்கல, முழுக் கோரையும் நொறுக்கி அனுப்பிட்டாங்க. திரும்ப பாக்க ஒண்ணும் மிச்சம் இல்லாம போச்சு. எத்தனையோ பேரோட ரிட்டயர்மென்ட் பணம் அதுல போச்சு. அப்புறம்தான் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட் 43-101னு விதி வந்து 2001லேருந்து நடைமுறை, அதுல பங்குச் சந்தைக்கு போற கனிம ரிப்போர்ட்டுக்கு தகுதி பெற்ற நபர் ஒருத்தர் பொறுப்பேத்துக்கணும், அவர் அங்கீகாரம் உள்ள சங்கத்துல உறுப்பினரா இருக்கணும், குறைஞ்சது அஞ்சு வருஷ அனுபவம் வேணும். அந்த பெட்டியில மிச்சம் இருக்கற பாதிக் கோர் எதுக்குன்னு இப்ப புரியுதா?

கோர்ஸ் எதை எடுக்கறதுன்னா, முதல்ல சாம்பிள் தரக் கட்டுப்பாடு. நடு நடுவுல தங்கம் இல்லாத வெறும் கல்லையும், அளவு தெரிஞ்ச சாம்பிளையும் ஏன் சொருகறாங்க, ரிசல்ட் வந்தா எப்படி பாக்கணும். அதுக்கு அடுத்தது புள்ளிவிவரம், அப்புறம் 3டி மாடல் சாஃப்ட்வேர். பல பேர் சாஃப்ட்வேரை முதல்ல புடிச்சுக்கறாங்க, வேலைக்கு ரெஸ்யூம்ல நல்லா இருக்கும்னு. ஆனா உள்ள போற லாக் தப்பா இருந்தா மாடல் அழகா தப்பா வரும். திருச்சில நீ படிச்ச சார்னோகைட்டும் நைசும் இங்க வீணாகாது, உருமாறின பாறையில கண்ணு பழகுனவங்களுக்கு இங்க நல்ல மதிப்பு. சம்மர்ல ஃபீல்டு போறதுக்கு முன்னாடி வில்டர்னஸ் ஃபர்ஸ்ட் எய்டும் கரடி பாதுகாப்பும் முடிச்சுடு, அது மணிக் கணக்குல சேருதோ இல்லையோ.

கேள்வி: ஒரு பைப் கம்பெனிக்காரங்க ஆபீஸ்ல வந்து பீட்ஸா கொடுத்து அவங்க ப்ராடக்ட்டை ஒரு மணி நேரம் காட்டுனாங்க. எல்லாரும் டெக்னிக்கல் ஒரு மணி நேரம்னு போட்டுக்கிட்டாங்க. நானும் போடலாமா? (பேர் ஊர் வேண்டாம்)

உங்களுக்கு அதுல என்ன தெரிஞ்சுதுன்னு ரெண்டு வரி எழுத முடியுமா? மண்ணோட அரிப்பு, ஜாயின்ட் டெஸ்ட், பைப்புக்கு அடியில போடற படுக்கை பத்தி பேசுனாங்கன்னா, நீங்க அதை வேலையில பயன்படுத்துவீங்கன்னா, எவ்வளவு நேரம் அதுவோ அவ்வளவு போடுங்க, இருபது நிமிஷம்னா இருபது நிமிஷம். வெறும் விலையும் கேட்டலாக்கும்தான்னா போடாதீங்க. பேர் வேண்டாம்னு எழுதுன உங்க மனசுக்கு பதில் முன்னாடியே தெரிஞ்சிருக்கு.

கேள்வி: அக்கா வணக்கம். நான் பேராதனையில சிவில் செய்தனான். ஸ்காபரோவுக்கு வந்து ரெண்டரை வருசம். ஒரு டெஸ்டிங் கொம்பனில கொங்கிரீட் சிலிண்டர் எடுக்கிற வேலை. பி.எங்.குக்கு கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் வேணும் எண்டு எல்லாரும் சொல்லினம். கடன் வாங்கி ஒரு மாஸ்டர்ஸ் செய்தா நல்லதோ? வீட்டுக்கும் காசு அனுப்பவேணும். (ஸ்காபரோ வாசகர்)

தம்பி, கடன் வாங்காதீங்க, இப்ப வேண்டாம். கனடா அனுபவம்தான் வேணும்ங்கற அந்த விதியை ஒன்டாரியோ 2023 மே மாசம் எடுத்துட்டாங்க, உங்ககிட்ட சொல்றவங்க பழைய கதையை சொல்றாங்க. 48 மாசம் அனுபவம் வேணும், அது எந்த நாட்டுல பாத்த வேலையா இருந்தாலும் தகுதிகளை எழுதிக் காட்டணும், கேள்வி கேட்டு பதில் எழுதுற மாதிரி. சட்டம், நெறிமுறை பத்தி தேசிய பரீட்சை ஒண்ணு இருக்கு. உங்க படிப்பை அவங்க எடை போட்டு வேற பரீட்சை எழுதச் சொன்னாலும் சொல்லலாம். முதல்ல அப்ளை பண்ணுங்க, என்ன பதில் வருதுன்னு பாத்துட்டு அப்புறம் மாஸ்டர்ஸ் பத்தி யோசிங்க. எத்தனை பேர் முப்பதாயிரம், நாப்பதாயிரம் டாலர் கடன்ல படிச்சுட்டு அதுக்கப்புறம்தான் அப்ளிகேஷனையே தொறந்து பாக்கறாங்க, பாக்க மனசு கஷ்டமா இருக்கு.

இன்னொண்ணு, சிலிண்டர் எடுக்கற வேலைன்னு குறைச்சு எழுதாதீங்க. நீங்க பேராதனையிலயும் நான் சேலத்துலயும் படிச்ச கொங்கிரீட்டுல காத்து ஒரு எதிரி, வைப்ரேட்டர் போட்டு வெளிய தள்ளச் சொன்னாங்க. இங்க வேணும்னே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன காத்துக் குமிழை உள்ள சேக்கறாங்க. தண்ணி உறைஞ்சா ஒம்பது சதவீதம் மாதிரி பெருகும், அந்த பெருக்கத்துக்கு ஒதுங்க இடம் வேணும், அதுக்குதான் குமிழ். உப்பும் உறைபனியும் படற கொங்கிரீட்டுக்கு 20 மில்லிமீட்டர் ஜல்லி போட்டா 5லேருந்து 8 சதவீதம் காத்து. லாரி வந்து நிக்கறப்ப நீங்க ஏர் மீட்டரை மூடி, பம்ப் அடிச்சு, முள்ளு நிக்கற இடத்தை பாக்கறீங்களே, அந்த முள்ளு 3ல நின்னா லாரியை திருப்பி அனுப்பற தைரியம் உங்களுக்கு வேணும், ஏன்னு ஃபோர்மன்கிட்ட சொல்ற அறிவும் வேணும். ஒரு நோட்டு போடுங்க. மிக்ஸ், வெளி வெப்பம், ஸ்லம்ப் (கலவை எவ்வளவு இளகி சரியுது), காத்து, 7 நாள், 28 நாள் பலம். ஒரு வருஷத்துல அந்த நோட்டு உங்க தகுதி கட்டுரைக்கு பாதி வேலையை முடிச்சுரும். எலியட் லேக் கதையை மேல எழுதியிருக்கேன் பாருங்க, உப்பும் தண்ணியும் என்ன செய்யும்னு. நீங்க நிக்கற இடம் அதுக்கு முதல் காவல்.

கேள்வி: 2024 பிசி பில்டிங் கோட்ல நிலநடுக்கக் கணக்கு கூடிடுச்சுங்கறாங்க. நாங்க ரிச்மண்ட்ல நாலு மாடி மரக் கட்டடம் டிசைன் பண்ற சின்ன ஆபீஸ். எந்த கோர்ஸ் எடுத்தா போதும்? (ரிச்மண்ட் வாசகர்)

போதும்ங்கற வார்த்தையை ரிச்மண்ட்ல சொல்லாதீங்க சார், காலுக்கு அடியில ஃப்ரேசர் ஆத்து மணல்! புது நிலநடுக்க விதிங்க 2025 மார்ச் 10லேருந்து நடைமுறைக்கு வந்துருச்சு, அதுக்கு அடிப்படையான தேசிய நிலநடுக்க மாடல் ஆறாவது தலைமுறை. 1700 ஜனவரி 26ல நம்ம கடலோர கஸ்கேடியா பிளவு 9 அளவுல ஆடுச்சு, தேதி எப்படி தெரியும்னா ஜப்பான்காரங்க நிலநடுக்கமே உணராம வந்த சுனாமியை எழுதி வச்சிருந்தாங்க. அது மறுபடி வரும், எப்பங்கறதுதான் கேள்வி. கோட் மாற்றம் பத்தின கோர்ஸ் ஒண்ணு எடுங்க, சரி, ஆனா அதுக்கு மேல உங்க ஜியோடெக் எஞ்சினியரை ஒரு அரை நாள் ஆபீஸுக்கு கூப்பிட்டு உக்கார வைங்க. நிலம் ஆடறப்ப ஈர மணல் குழம்பாகுறது எவ்வளவு ஆழம் வரைக்கும், எவ்வளவு உக்காரும், பக்கவாட்டுல எவ்வளவு நகரும், அவர் ரிப்போர்ட்ல போட்ட சைட் கிளாஸ் (மண்ணு எவ்வளவு கெட்டின்னு சொல்ற வகை) அளந்து வந்ததா ஊகிச்சதா, எல்லாத்தையும் கேளுங்க. நாங்க எழுதற ரிப்போர்ட்டை நீங்க மூணாம் பக்கத்தோட மூடிடறீங்க, நீங்க போடற பாரத்தை நாங்க கேக்கறதே இல்ல. அந்த இடைவெளியிலதான் தப்பு நடக்கும்.

கேள்வி: அக்கா, நான் சேலத்துல இருக்கேன், சின்ன கன்சல்டன்சில சைட் எஞ்சினியர். இங்க லைசன்ஸும் இல்ல, படின்னு கேக்க ஆளும் இல்ல. கனடா வர்ற எண்ணம் இருக்கு. இப்பவே என்ன படிக்கலாம்? (சேலம் வாசகர்)

நம்மூருப் புள்ளையா, சந்தோஷம். நான் இங்க உக்காந்துகிட்டே என்.பி.டி.இ.எல். பாக்கறேன் தெரியுமா? ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் 2003ல ஆரம்பிச்சது, வீடியோ எல்லாம் இலவசம், பரீட்சை எழுதுனாதான் கட்டணம். சாயில் டைனமிக்ஸ் எனக்கு தெளிவா புரிஞ்சது அதுலதான். கனடாவுக்காக படிக்காத, சேலத்துக்காக படி. உங்க கன்சல்டன்சில போர் ஹோல் போடறப்ப போய் பக்கத்துல நில்லு, எஸ்.பி.டி. (மண்ணோட பலம் பாக்க சுத்தியல் எடையால அடிக்கற டெஸ்ட்) அடியை நீயே எண்ணு. எண்ணாமயே ரிஜிஸ்டர்ல எழுதறதை பாத்தா எழுத விடாத. அது உனக்கு எந்த நாட்டுலயும் கூட வரும்.

கேள்வி: ஆன்ட்டி, எங்க அப்பா 64. முப்பது வருஷத்துக்கு மேல சுரங்கம், அணை, ட்ரில்லிங்னு இருந்தவர். போன வருஷம் நான்-ப்ராக்டிசிங்னு மாத்திட்டார், இனிமே படிப்பு கணக்கெல்லாம் வேண்டாம்னு. ஆனா இப்ப சும்மா ஜன்னல்ல உக்காந்திருக்கார், பாக்கவே கஷ்டமா இருக்கு. நானும் யு.பி.சி.யில ஜியாலஜிக்கல் எஞ்சினியரிங் மூணாவது வருஷம். அவரை என்ன பண்ண வைக்கறது? (வான்கூவர் வாசகி)

கண்ணு, உங்க வீட்ல இருக்கற அந்த ஜன்னல்ல உக்காந்திருக்கறது எத்தனை போர் ஹோல் தெரியுமா? எங்க ஆபீஸ்ல இப்ப இருக்கற பிரச்சினையே இதுதான், லாக் இருக்கு, எழுதுனவர் இல்ல. 1980கள்ல டிரில்லர் தண்ணி போச்சுன்னு ஓரத்துல பென்சில்ல ஒரு வார்த்தை எழுதியிருப்பார், அது விரிசலா, மணல் பட்டையான்னு கேக்க ஆள் இருக்காது.

நான்-ப்ராக்டிசிங்னா கையெழுத்து போடக் கூடாது, வேலை எடுக்கக் கூடாது. ஆனா சொல்லிக் கொடுக்கறதை யாரும் தடுக்கல. நீ இப்படி பண்ணு. அவர்கிட்ட போய் பொதுவா கதை சொல்லுங்கப்பான்னு கேக்காத, அவருக்கு எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியாது. உன் க்ளாஸ்ல கொடுத்த ஒரு லாகை எடுத்துட்டு போய், அப்பா இதுல 14 மீட்டர்ல ரெக்கவரி (துளையிலேருந்து முழுசா கிடைச்ச கோர் அளவு) ஏன் திடீர்னு குறையுதுன்னு கேளு. ஃபோன்ல ரெக்கார்ட் போட்டு வச்சுடு. வாரம் ஒரு லாக். அவர் தப்பாயிடுச்சுன்னு நெனக்கற வேலை ஒண்ணாவது இருக்கும், அதை மெதுவா, பல வாரம் கழிச்சு கேளு, அவசரப்படாத. அதுதான் உனக்கு அவர் கொடுக்கற பெரிய சொத்து.

அடுத்த மாசம் மூணாவது சனிக்கிழமை எங்க கோர் ஷெட்டுல புதுப் பசங்களுக்கு மண்ணு அடையாளம் பாக்க சொல்லித் தர்றேன். காலைல சாம்பிளை வெட்டி ஜன்னல் ஓரம் வைப்போம், மதியம் கோடு வரும். அப்பாவை கூட்டிட்டு வா, ஸ்டீல் டோ பூட்ஸ் வீட்ல எங்கயாவது கிடக்கும், தேடி எடுத்து போட்டுக்கச் சொல்லு. விலாசம் இதழ் ஆபீஸ் மூலமா அனுப்பறேன்.